வதந்திக்குக் கேரண்டி கொடுத்தவர்

1

நான் சிங்கப்பூரில் வந்து இறங்கியது ஓர் ஆகஸ்ட் மாதக் கடைசியில். அந்த நாளை என் மனைவி மறந்துவிட்டாள். மகளுக்கு அது எப்போதுமே தெரியாது. ஆண்டுதோறும் எனக்கு அதை நினைவுபடுத்துவது ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள்தான். ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட காலம் அந்தச் சமயத்தில்தான் முடிகிறது.

கிரிக்கெட் மட்டும் பார்க்கும் ஊர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். கால்பந்தில் ஓர் ஆட்டக்காரர் நினைத்த நேரத்தில் கழகம் மாற முடியாது. கோடையில் சில வாரங்கள், ஜனவரியில் சில வாரங்கள் கதவு திறந்திருக்கும். அதற்குள் பேசி முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூடிவிட்டால் அடுத்த முறை திறக்கும்வரை இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். திறந்திருக்கும் வாரங்களில் யார் எங்கே போகிறார் என்று உலகம் முழுக்க வதந்தி பறக்கும். பாதிக்கு மேல் பொய். பொய் என்று தெரிந்துதான் எல்லோரும் படிக்கிறார்கள்.

கழகங்களின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடுவார்கள், மீதிப் பேர் எனக்குத் திட்டி எழுதுவார்கள். நான் சிவப்புச் சட்டை. என் எதிரில் உட்காருபவர் நீலச் சட்டை. இவ்வளவு போதும்.

இந்த ஆண்டு எங்கள் மேசைக்கு வந்த வதந்திகளில் ஒன்று ஐரோப்பாவைப் பற்றியது அல்ல. மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இந்த ஊரில் இருப்பாரா, போவாரா என்பதைப் பற்றியது. அதை அவரே கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். கணக்குத் தீர்க்கும் ஞாயிறு போன வாரம் முடிந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

2

மேசை என்று நான் சொல்வது தேக்கா சந்தையின் சாப்பாட்டுப் பகுதியில், கறி வைத்து மடித்த ரொட்டியான முர்தபா போடும் கடைக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு வட்ட மேசை. ஞாயிறு மாலை அங்கே இடம் கிடைப்பது லேசில்லை. யார் முதலில் வருகிறாரோ அவர் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மேசைமேல் போட்டு இடம் பிடிப்பார். இந்த ஊரில் அந்தப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. ஊரில் பேருந்து இருக்கையில் துண்டு போடுவோமே, அது போலத்தான். ஆனால் இங்கே சண்டை வராது.

மணியண்ணன் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை பார்த்தவர். இவர் பேருந்து ஓட்டுகிறார். இங்கே பேருந்து ஓட்டுநரைக் கேப்டன் என்பார்கள். எங்கள் மேசையில் பந்தைத் தொட்டவன் நான் மட்டும்தான் என்றாலும் கேப்டன் அவர்தான். நீலச் சட்டை அவருடையது. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. ஓய்வு பெற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இதையேதான் வாரம் முழுக்கச் செய்வேன் என்று மேசையைத் தட்டிக் காட்டுவார்.

செல்வம் பட்டுக்கோட்டைப் பக்கம். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் துணை ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். தங்குவதும் அந்தப் பக்கத்து விடுதியில்தான். ஊரில் இருந்தவரை காலால் பந்தை உதைத்ததே இல்லையாம். விடுதித் தொலைக்காட்சியில் மலையாளிகள் கத்துவதைப் பார்த்து, ஏன் கத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இடம் தேடி நின்றார். என் சட்டையும் அதே நிறம். நகர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் அறிமுகம்.

நான் ஜெரி. குமரிக் கடற்கரைக்காரன். ஒரு கடல்சார் நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். கப்பல் எப்போது வரும், எத்தனை ஆள் வேண்டும், சொன்ன தேதியில் வேலை முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. உண்மையில், முடியாததை முடியாது என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேசையிலும் அந்தப் பெயர் எனக்கு உண்டு. நான் நடக்காது என்று சொன்ன மாற்றம் நடந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. மணியண்ணன் போட்டது. யார் எத்தனை வதந்தி வேண்டுமானாலும் கொண்டுவரலாம், காசா பணமா. ஆனால் ஒரு பருவத்தில் ஒருவர் ஒரே ஒரு வதந்திக்குத்தான் கேரண்டி கொடுக்கலாம். கேரண்டி என்ற சொல்லை வாயால் சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. மற்ற இருவரும் உடனே நடக்கும், நடக்காது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, எங்கள் வாட்ஸாப் குழுவிலும் எழுதிவிட வேண்டும். கதவு மூடிய பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்ப்போம். யாருடைய கேரண்டி பொய்த்ததோ அவர் மூவருக்கும் மட்டன் முர்தபா வாங்க வேண்டும்.

3

வதந்தி எனக்குப் புதிதில்லை. எங்கள் கடற்கரையில் பந்து விளையாடாத பையன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று அர்த்தம். ஈஸ்டர் கழிந்ததும் எழுவர் ஆட்டப் போட்டிகள் தொடங்கும். ஒவ்வொரு ஊர் அணியும் வெளியிலிருந்து ஆள் கொண்டுவரும். கெஸ்ட் என்று பெயர். யாரைக் கொண்டுவருகிறார்கள் என்பது ஆட்டம் தொடங்கும்வரை ரகசியம். ஆனால் அந்த ரகசியத்தைப் பற்றி மீன் ஏலம் போடுகிற இடம் முழுக்கப் பேச்சாக இருக்கும். மலப்புரத்துக்காரன் ஒருத்தன் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறான், அவனுக்கு இடது கால் மட்டும்தான் காலாம் என்பார்கள். அப்படி ஒருவன் வந்திருக்கவே மாட்டான்.

ஒரு வருடம் எங்கள் அணிக்கு ஓர் ஆப்பிரிக்க ஆட்டக்காரர் வந்தார். கேரளத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை யாரோ பேசிக் கூட்டிவந்திருந்தார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கவைத்தோம். ஒரு வாரம் ஊரே அவர் பின்னால் நடந்தது. அரையிறுதியில் தோற்றோம். மறுநாள் காலை அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றதை நான் பார்த்தேன். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஊரில் யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. எங்கள் பேச்சு ஏற்கெனவே அடுத்த ஆண்டுக் கெஸ்ட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அதற்குச் சில வருடங்கள் கழித்து நானும் ஒரு பையோடு, ஓர் ஏஜென்ட் சொன்ன விமானத்தில் ஏறினேன்.

4

இந்த ஆகஸ்டின் முதல் ஞாயிறுகளிலேயே நானும் மணியண்ணனும் எங்கள் கேரண்டியைக் கொடுத்துவிட்டோம். சிவப்புக் கழகம் ஒரு முன்வரிசை ஆட்டக்காரரைக் கட்டாயம் வாங்கும் என்றேன் நான். அவர்களுடைய போன ஆண்டு ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரிந்த தேவை. மணியண்ணன் நீலக் கழகத்தின் கோல்கீப்பர் போய்விடுவார் என்றார்.

செல்வம் மட்டும் இழுத்துக்கொண்டே போனார். வழக்கமாக முதலில் கேரண்டி கொடுப்பவர் அவர். நம்ப முடியாததற்குத்தான் கொடுப்பார். பெரும்பாலும் தோற்பார். தோற்றால் சிரித்துக்கொண்டே வரிசையில் போய் நிற்பார்.

மாத நடுவில் ஒரு ஞாயிறு. தேக்காவில் நல்ல கூட்டம். செல்வம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, ஒரு நியூஸ் இருக்கு. பேரு சொல்ல மாட்டேன். ஆனா கேரண்டி."

"பேரு இல்லாத கேரண்டியா? என்னா புது ரூலு" என்றார் மணியண்ணன்.

"ஒரு டிஃபென்டர்ண்ணே. நாப்பத தொடப்போற வயசு. ரொம்ப வருஷமா ஒரே கிளப்புதான். இப்ப கிளப்புக்கு ஆர்டர் இல்ல, காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டேங்குறாங்க. கதவு மூடுறதுக்குள்ள அவன் வேற கிளப்புக்குப் போறான்."

ஆர்டர் இல்லை என்றுதான் அவர் சொன்னார். எந்தக் கால்பந்துக் கழகத்துக்கு ஆர்டர் வரும்? அந்தச் சொல் என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

"மெடிக்கல்?" என்று கேட்டேன். மாற்றத்துக்கு முன் நடக்கும் உடல் பரிசோதனையைத்தான் எங்கள் மேசையில் அப்படிக் கேட்போம்.

"மெடிக்கல் எல்லாம் பிரச்சன இல்லண்ணே. கண்ணு மட்டும் கொஞ்சம்."

"கண்ணு தெரியாத டிஃபென்டரா?" மணியண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அந்த வயசுல அவன எவன் எடுப்பான் சொல்லு? பேசாம ஊருக்குப் போயி சின்னப் பிள்ளைங்களுக்குக் கோச்சாவச் சொல்லுலா. கன்ஃபார்ம் நடக்காது."

செல்வமும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வயதான பின்வரிசை ஆட்டக்காரர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பாத கழகம், கைவசம் இருக்கும் நாட்கள் குறைவு. எல்லாவற்றையும் அலுவலகத்தில் செய்வது போல மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். "நடக்காது செல்வம்" என்றேன். "யாராவது காயம்பட்டு, கடைசி நேரத்தில ஆளில்லாமத் தவிக்கணும். அப்பத்தான் இப்படிப்பட்ட ஆளைக் கூப்பிடுவாங்க. ஒனக்கு இந்த வருஷமும் முர்தபா செலவுதான்."

இருவரும் சட்டப்படி குழுவில் எழுதினோம். மணியண்ணன் நடக்காது என்று எழுதிப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பொம்மை முகம் ஒன்றையும் வைத்தார். நான் நடக்காது என்று மட்டும் எழுதினேன்.

செல்வம் தேநீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். வரிசை நீளம் என்று திரும்பி வர நேரமாயிற்று. நாங்கள் நீலக் கழகத்தின் கோல்கீப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

5

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் விமலாவிடம் இதைச் சொன்னேன். விமலா என் மனைவி, அவளும் எங்கள் கடற்கரைதான். செங்காங்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. பகல் முழுக்க அங்கே ஆங்கிலத்தில் பாடிவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் குமரித் தமிழைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டாள். கால்பந்து அவளுக்கு ஆகாது. அவளுடைய அண்ணன்கள் மூன்று பேரும் அதில் முட்டியை உடைத்துக்கொண்டவர்கள்.

மூங்கில் கழியிலிருந்து துணியை உருவி மடித்துக்கொண்டே கேட்டாள். கண் தெரியாத டிஃபென்டர் கதைக்கு அவளாவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எந்தக் கிளப்பாம்?"

"சொல்லல்ல."

"ஆளுக்க பேரு?"

"அதும் சொல்லல்ல."

"கிளப்பு பேரும் இல்ல, ஆளுக்க பேரும் இல்ல. வயசு மட்டும் சொன்னாராக்கும்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "செல்வத்துக்கு என்ன வயசிருக்கும்?"

நான் மனதுக்குள் வயதை எண்ணிப் பார்த்தேன்.

"வெல்டிங் பாக்குறவருக்குத்தானே கண்ணு கெடும்" என்றாள். "பந்து களிக்கிறவனுக்கு முட்டுதான் போவும்."

மேசைக்கு எதிர்ப்பக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த எங்கள் மகள் ரீனா காதிலிருந்த கருவியை எடுத்தாள். எங்கள் மேசைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அங்கிள்ஸ் பார்லிமென்ட். "அப்பா, அது அவரோட சொந்தக் கதை. நாங்க எல்லாம் அப்படித்தான் சொல்வோம், ஃபிரெண்டுக்கு நடந்துச்சுன்னு. நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னீங்க?"

"நடக்காதுன்னு சொன்னோம்."

"வாட்ஸாப்லயா?"

"ஆமா."

அவள் கருவியைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன்னைப் பற்றிச் சொன்னதற்கு மெடிக்கல் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறேன்.

6

மறுநாள் மதிய இடைவேளையில் அவரை அழைத்தேன். பின்னால் இரும்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார்.

"செல்வம், அந்த டிஃபென்டர் யாரு?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே."

"நான் கண்டுபிடிக்கல. வீட்டுல கண்டுபிடிச்சாங்க. ஏன் நேராச் சொல்லல?"

"அங்க வந்து உக்கார்றதே இதெல்லாம் பேசாம இருக்கத்தாண்ணே. நேராச் சொன்னா அப்புறம் ஞாயித்துக்கெழமயும் இதேதான் பேசணும்." சத்தத்திலிருந்து இன்னும் தள்ளிப் போனார். "நீங்க நடக்கும்னு சொல்லிட்டா ஒரு தைரியமா இருக்கும்னு நெனச்சேன். நீங்க சொன்னது தப்பினதே இல்லையே."

நிலைமை இதுதான். வேலை அனுமதியில் வந்தவர் நினைத்தபடி முதலாளி மாற முடியாது. அனுமதி முடியும் தறுவாயில் சில வாரங்கள் மட்டும் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி விண்ணப்பிக்கலாம். அந்த வாரங்கள் கழிந்தால் பழைய முதலாளி மனது வைக்க வேண்டும். இல்லையென்றால் விமானச் சீட்டுதான். ஊருக்குப் போய்த் திரும்பவும் ஓர் ஏஜென்டைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழிலாளர்கள் இதை டிரான்ஸ்பர் என்றுதான் சொல்கிறார்கள். செல்வத்துக்கு அந்த வாரங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஆகஸ்டோடு முடியும். அவருடைய மகள் தஞ்சாவூரில் நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவள் படிப்பு முடியும்வரையாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

மணியண்ணனிடம் சொன்னேன். குழுவைத் திறந்து பார்த்தபோது அவர் எழுதிய நடக்காது அங்கே இல்லை. அந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி நின்றது. எழுதியதைவிட அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. என்னுடையதை நான் நீக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மேசையில் மணியண்ணன் செல்வத்தின் தோளில் கைபோட்டார். "இனிமே நான்தான் ஒன் ஏஜென்ட். நீ வாயத் தொறக்காத. நான் பேசுறேன்." பேசத்தான் செய்தார். கேலாங் கிழக்கில் இருக்கும் கோயிலில் அவரோடு தொண்டு செய்பவர்களிடம், பேருந்து நிலையத்துச் சகாக்களிடம், மைத்துனருடைய நண்பர்களிடம். ஓய்வு நாளில் துவாஸ்வரை போய், நான்கைந்து பட்டறை வாசல்களில் நின்று விசாரித்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் இவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது என்றார்.

நான் எங்கள் நிறுவனத்தில் கேட்டேன். இத்தனை வருடத்தில் யாருக்காகவும் நான் போய் நின்றதில்லை. எனக்காகக்கூட. மனிதவளப் பிரிவில் என் மகளைவிடச் சற்றே மூத்த ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். இந்த ஆண்டு புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று அதைவிட மரியாதையாகச் சொன்னாள்.

கடைசியில் மணியண்ணன் ஓர் இடத்தைப் பிடித்தார். இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறை. செல்வம் போய்ச் சோதனைத் தகட்டில் வெல்டிங் போட்டுக் காட்டினார். பட்டறைக்காரருக்குப் பிடித்துவிட்டது. குழுவில் மணியண்ணன் எழுதினார்: டிஃபென்டர் மெடிக்கல் பாஸ், கிளப் ஓகே. செல்வம் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டார்.

அந்த வாரம்தான் என்னுடைய மறுநுழைவு அனுமதியையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. குடியுரிமை வாங்காமல் இங்கே தங்கும் என்னைப் போன்ற நிரந்தரவாசிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சோபாவில் உட்கார்ந்து, கைப்பேசியில் நாலு இடத்தில் தட்டினேன். பக்கத்தில் ரீனா. அவள் ஏற்கெனவே குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டாள். எங்களைக் கேட்கவில்லை, சொன்னாள்.

"நீங்க ஏன்ப்பா இன்னும் மாறல?"

"பாக்கலாம்."

"இத்தனை வருஷமா லோன்ல ஆடுறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஒரு கழகத்து ஆட்டக்காரர் இன்னொரு கழகத்துக்கு இரவலாக ஆடுவதுதான் லோன். கால்பந்து தெரியாது என்று சொல்லிக்கொள்பவள், பார்லிமென்டில் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் புதுப்பித்தல் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

செல்வத்தினுடையது முடியவில்லை. ஒரு நிறுவனம் எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் எண்ணிக்கையை வைத்து ஒரு வரம்பு உண்டு. கோட்டா என்பார்கள். பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த உள்ளூர் அம்மாள் ஒருவர், பேத்தியைப் பார்த்துக்கொள்ள அந்த மாதம் வேலையை விட்டுவிட்டார். அவர் போனதில் வரம்பு சுருங்கிவிட்டது. பட்டறைக்காரர் நல்ல மனிதர், அவரே அழைத்துச் சொன்னார். வேறு ஓர் உள்ளூர்க்காரரைச் சேர்த்த பிறகு பார்க்கலாம், இரண்டு மூன்று மாதமாகும் என்றார். செல்வத்திடம் இரண்டு மூன்று மாதம் இல்லை. பழைய நிறுவனத்தின் அலுவலகத்தில் சம்மதம் கேட்டதற்கு, விமானச் சீட்டுப் போட்டாயிற்று என்ற பதில் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில் பேத்தி பிறந்ததைத் தவிர வேறு எதுவும் நடந்திருக்கவில்லை.

அதே வாரம் ஒரு காலையில் ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியைத் திறந்தேன். ஐரோப்பாவில் கதவு மூடிவிட்டது. சிவப்புக் கழகம் முன்வரிசை ஆட்டக்காரரை வாங்கிவிட்டது. புதுச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் படம் வந்திருந்தது. நீலக் கழகத்தின் கோல்கீப்பரும் போய்விட்டார். என் கேரண்டியும் மணியண்ணன் கேரண்டியும் பலித்துவிட்டன. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

7

போன ஞாயிறு கணக்குத் தீர்க்கும் நாள். மறுவாரம் செல்வத்துக்கு விமானம். கணக்கைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்று நானும் மணியண்ணனும் ரயில் நிலைய வாசலிலேயே முடிவு செய்துகொண்டோம். இரண்டு பேரும் சேர்ந்து செல்வத்துக்கு நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடுப்பது, வேறு எங்காவது ஏசி உள்ள இடத்துக்குக் கூட்டிப்போவது என்பது திட்டம். மணியண்ணன் ஒரு பையில் புதுச் சிவப்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வாழ்நாள் முழுக்க நீலச் சட்டைக்காரராக இருந்தவர் அதைக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். கடைக்காரர் தன்னைத் தெரியாதவராக இருந்தது நல்லதாயிற்று என்றார்.

நாங்கள் போனபோது மின்விசிறிக்குக் கீழே எங்கள் மேசையில் செல்வம் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவர் முன்னால் மூன்று தட்டுகள். மூன்றிலும் மட்டன் முர்தபா. ஆவி போய்க்கொண்டிருந்தது.

"என்னா இது?" என்றார் மணியண்ணன்.

"கணக்குண்ணே."

"அட, அலமாக், அதெல்லாம் கணக்குல சேராதுலா. அது சும்மா."

"எப்படிண்ணே சேராது? கேரண்டின்னு வாயால சொன்னேன்ல. நடக்கல. நான்தான் வாங்கணும். ரூல் போட்டதே நீங்கதானே."

மணியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை இருந்த பையை மேசைக்கடியில் வைத்தார். அதை எப்போது எடுத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சரியாத்தாண்ணே சொன்னீங்க" என்றார் செல்வம். குத்திக்காட்டும் குரல் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு எதிரணிக்காரருக்குக் கை கொடுப்போமே, அந்தக் குரல். "ஜெரியண்ணன் அன்னைக்கே சொன்னாரு, கடைசி நேரத்துல யாராவது ஆளில்லாமத் தவிக்கணும்னு. அதே மாதிரிதான் ஆச்சு. யாருக்கும் தவிப்பு வரல. அவ்ளோதான். சாப்புடுங்க, ஆறிரும்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சரியாகச் சொன்னதற்காக இதுவரை யாரும் எனக்கு இப்படி ஒரு தண்டனை கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

மணியண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஜனவரில திரும்பக் கதவு தொறக்கும்ல?"

"ஆமாண்ணே."

"ஜனவரிக்கு என் கேரண்டிய இப்பவே சொல்லிர்றேன். ஒரு டிஃபென்டர். நாப்பது வயசு. கண்ணு கொஞ்சம் மோசம். ஊர்லேர்ந்து திரும்பி வர்றான். கேரண்டி."

"அண்ணே, சும்மா இருங்கண்ணே. ஒரு சீசனுக்கு ஒண்ணுதான். அத எதுக்கு இதுல போய்."

"ஒண்ணுதான். அதத்தான் சொல்றேன். சொன்னா திரும்ப எடுக்க முடியாது." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நடக்குமா, நடக்காதா?"

செல்வமும் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

பட்டறைக்காரர் இன்னும் உள்ளூர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தாலும் அவர் செல்வத்துக்காகக் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஊருக்குப் போனவர் திரும்ப வர ஏஜென்ட், பயிற்சிச் சான்று, கண் பரிசோதனை என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஜனவரிக்குள் இது முடியாது. என்னிடம் யாராவது அலுவலகத்தில் இந்த அட்டவணையைக் கொண்டுவந்தால், முதல் வரியிலேயே சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கைப்பேசியை எடுத்தேன். குழுவில், என்னுடைய பழைய நடக்காது மேலே எங்கோ இருக்க, அதற்குக் கீழே எழுதினேன். சட்டப்படி வாயாலும் சொல்ல வேண்டும்.

"நடக்கும்" என்றேன்.

செல்வம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து முர்தபாவைப் பிய்க்கத் தொடங்கினார். நாங்களும் சாப்பிட்டோம்.